வீட்டு ஆளுதானே

அண்ணன்: …ஏழு தண்ணி! கீரையை ஏழு தண்ணியில அலசுறேன், வாலு. வெள்ளரிக்காய்க்குக் கூட சோப்பு போட்டுட்டேன்.

அண்ணி: போட்டார். அதைச் சாப்பிட்டது நான். ரெண்டு நாளா ஏப்பம் விட்டா நுரை வருது.

வாலு: அண்ணே, சோப்பெல்லாம் வேண்டாம், நல்ல தண்ணியே போதும்னு சொன்னேன்ல?

அண்ணன்: நீ சொன்னதுல பாதிதான் காதுல விழுந்துச்சு. மீதி நேரம் 'டாக்ஸோ கிருமி, டாக்ஸோ கிருமி'ன்னு மண்டைக்குள்ள மணி அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

அண்ணி: பக்கத்து வீட்டுப் பூனை இவரைக் கண்டா இப்ப மாடிப்பக்கமே வர்றதில்ல. தண்ணித் துப்பாக்கி வாங்கி வச்சிருக்கார், தெரியுமா? நாப்பது வயசுல.

அண்ணன்: முப்பத்தொம்பது.

வாலு: பூனை என்னண்ணே பாவம் பண்ணுச்சு?

அண்ணன்: செடித்தொட்டியை கக்கூஸ் ஆக்கி வச்சிருந்துச்சே, அது போதாதா? அந்த மண்ணைத்தானே இவ வெறுங்கையால கிளறினா! உறை வாங்கிக் குடுத்தேன், போட்டாளா?

அண்ணி: உறை போட்டா மண்ணு ஈரமா இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?

வாலு: சண்டை போடாதீங்க. சரியா வேகாத கறியில இருந்தும் வரும், கழுவாத காயில இருந்தும் வரும். பூனையை மட்டும் கூண்டுல ஏத்தாதீங்க.

அண்ணன்: சரி, பூனைக்கு வக்கீல் வச்சாச்சு. விஷயத்துக்கு வா. காலையில இருந்து பதினோரு தடவை போன் அடிச்சேன். ஏன் எடுக்கல?

வாலு: லேப்ல ரத்தம் எடுத்துக்கிட்டு இருந்தேன்.

அண்ணன்: பதினோரு தடவையுமா?

வாலு: அண்ணி, உட்காருங்க. அது சுத்துற ஸ்டூல், வேண்டாம். இந்த நாற்காலியில.

அண்ணி: நிக்கிறேன். உட்காரச் சொன்னாலே எனக்குப் பக்குனு இருக்கு. போன தடவை டாக்டரும் இப்படித்தான், 'முதல்ல உட்காரும்மா'ன்னாங்க.

அண்ணன்: ஏய்… பழசை எடுக்காத.

அண்ணி: எடுக்கல. அதுவா வருது. அஞ்சு மாசம் சுமந்தேன், எங்க போகும்?

வாலு: அண்ணி…

அண்ணி: ஒண்ணுமில்ல, நீ சொல்லு. இன்னொரு தடவை புரியற மாதிரி சொல்லு. போன வாரம் நீ சொன்னப்ப பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன், ஒரு வார்த்தை ஏறல.

வாலு: அந்தக் கிருமி உடம்புக்குள்ள வந்தா ரத்தத்துல ரெண்டு விதமான ஆளுங்க வருவாங்க. ஒருத்தர் தீயணைப்பு வண்டி மாதிரி. முதல்ல ஓடி வருவார். இன்னொருத்தர் வாட்ச்மேன். மெதுவா வருவார், வந்தா ஆயுசுக்கும் போக மாட்டார்.

அண்ணன்: எங்க ஆபீஸ் வாட்ச்மேன் மாதிரி.

அண்ணி: குறுக்க பேசாதீங்களேன்!

வாலு: வாட்ச்மேன் மட்டும் இருந்தா, என்னைக்கோ வந்து போன பழைய கதை. வயித்துல இருக்கற பாப்பாவுக்குப் பயமே இல்ல. உங்க ரத்தத்துல ரெண்டு பேருமே இருந்தாங்க. அதான் அன்னைக்கு எனக்குக் கை கால் ஓடல.

அண்ணி: ரெண்டு பேரும் இருந்தா… இப்பத்தான் வந்திருக்குன்னு அர்த்தமா?

வாலு: அதுலதான் வம்பு. சில பேருக்குத் தீ அணைஞ்சு ஒரு வருஷம் ஆனாலும் வண்டி வாசல்லயே நிக்கும். இப்ப வந்ததா, முன்னாடியே வந்ததான்னு அந்த ஒரு டெஸ்டை வச்சு சொல்ல முடியாது. நீங்க உண்டாகியிருக்கற இந்த மூணு மாசத்துக்குள்ள வந்திருந்தா பாப்பாவைத் தொட்டுடலாம். அதுக்கு முன்னாடின்னா பயமில்ல.

அண்ணன்: எப்ப வந்துச்சு? அதைச் சொல்லு! எனக்கு அது ஒண்ணுதான் வேணும்.

வாலு: அண்ணே, கத்தாத. வெளிய ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க.

அண்ணன்: சரி… கத்தல. எப்ப வந்துச்சு?

வாலு: முன்னாடியே.

அண்ணி: என்னது?

வாலு: முன்னாடியே வந்தது அண்ணி. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது.

அண்ணன்: அடிப்பாவி! இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்? முதல் வார்த்தையா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! பூனை, வாட்ச்மேன், வண்டி…

வாலு: டாக்டர்கிட்டயும் காலையிலயே காட்டிட்டேன். சரியாத்தான் இருக்குன்னாங்க. பெரிய லேபுக்கு அனுப்பின ரிசல்ட்டும் அடுத்த வாரம் வந்துடும், ஆனா அது சும்மா மேல ஒரு முத்திரை மாதிரிதான்.

அண்ணன்: எனக்கு… கண்ணு என்னமோ… இந்த ரூம்ல என்ன மருந்து நாத்தம் இப்படி அடிக்குது!

அண்ணி: மருந்து இல்லீங்க. அழறீங்க.

அண்ணன்: யாரு அழறா? எப்படிக் கண்டுபிடிச்ச வாலு? நீ பெரிய ஆளுதான் போ!

வாலு: ஒரு பழைய சாம்பிள் இருந்துச்சு… அதோட ஒப்பிட்டுப் பாத்தேன்.

அண்ணன்: என்னமோ போ. நான் அம்மாவுக்குப் போன் பண்ணிட்டு வர்றேன். இங்க சிக்னலே இல்ல. நீ உட்காரு, அசையாத!

அண்ணி: கீரை அலசப் போற மாதிரி ஓடாதீங்க, படி இருக்கு!

வாலு: …போயிட்டானா?

அண்ணி: போயிட்டார். இப்ப உட்காரறேன். அப்பாடா.

வாலு: தண்ணி தரட்டா?

அண்ணி: வேண்டாம். இங்க வா. ஏன் அங்கயே நிக்கிற? நல்ல சேதி சொன்னவ மூஞ்சியா இது?

வாலு: தூக்கம் இல்ல. அவ்வளவுதான்.

அண்ணி: எந்தப் பழைய சாம்பிள்?

வாலு: ம்?

அண்ணி: ஒப்பிட்டுப் பாத்தேன்னியே. யாரோட ரத்தம்?

வாலு: உங்களோடதுதான்.

அண்ணி: என்னோடதா? எப்ப எடுத்தது?

வாலு: போன தடவை. மூணாவது மாசத்துல.

அண்ணி: பதினாலு மாசத்துக்கு முன்னாடி எடுத்ததா? அதையெல்லாமா வச்சிருப்பீங்க?

வாலு: ஒரு வருஷம் ஃப்ரீசர்ல வைப்போம். அப்புறம் தூக்கிப் போட்டுடணும். ரூல் அது.

அண்ணி: அப்புறம் எப்படி?

வாலு: ஒவ்வொரு தடவை பெட்டியைக் காலி பண்றப்பவும் அதை மட்டும் எடுத்து வேற தட்டுல ஒளிச்சு வச்சேன். கேட்டா 'இன்னும் வேலை இருக்கு'ன்னு பொய் சொன்னேன்.

அண்ணி: ஏன்டி?

வாலு: அது பாப்பா உங்க வயித்துல இருந்தப்ப எடுத்த ரத்தம் அண்ணி. அதோட ஒரு சட்டை கூட நம்மகிட்ட இல்ல. எப்படித் தூக்கிப் போடுவேன்? அழாதீங்க அண்ணி. இப்ப அழக்கூடாது.

அண்ணி: நீ இப்படியெல்லாம் பேசினா… சரி, விடு. அந்த ரத்தம் என்ன சொல்லுச்சு?

வாலு: நேத்து ரெண்டையும் ஒண்ணா பக்கத்துல வச்சு ஓட்டினேன். பழசுல வண்டி வாசல் அடைக்க நிக்குது. வாட்ச்மேன் அப்பத்தான் உள்ள வர்றார். புதுசுல வாட்ச்மேன் ஜம்முனு உட்கார்ந்திருக்கார், வண்டி ஏதோ பேருக்கு நிக்குது.

அண்ணி: அதாவது… அப்பத்தான் வந்திருக்கு. அந்தப் பாப்பா இருந்தப்ப.

வாலு: ஆமா.

அண்ணி: அதனாலதான் அது…

வாலு: அடிச்சுச் சொல்ல முடியாதாம். டாக்டர் 'இருக்கலாம்'னுதான் சொன்னாங்க. ஆனா அப்பவே தெரிஞ்சிருந்தா மாத்திரை குடுத்திருப்பாங்க அண்ணி. மாத்திரை இருக்கு இதுக்கு.

அண்ணி: ம்.

வாலு: தெரிஞ்சிருக்கணும். டாக்டர் இந்த டெஸ்டை அப்பவே எழுதியிருந்தாங்க. நீங்களும் ரத்தம் குடுத்தீங்க. இதே கையால நான்தான் எடுத்தேன்.

அண்ணன்: ஏய், அம்மா பேச மாட்டேங்குறாங்க! போன்ல வெறும் மூக்குறிஞ்சுற சத்தம்தான் கேக்குது. ஏன், நீங்களும் அழறீங்களா?

அண்ணி: சந்தோஷத்துல. நீங்க போய் அத்தைகிட்ட பேசுங்க.

அண்ணன்: மூணு பொம்பளைங்களும் சேர்ந்து ஒரு நல்ல நாளை ஒப்பாரி ஆக்கிடுவீங்க. சூடா ஏதாவது குடிக்க வாங்கிட்டு வரட்டா?

வாலு: வாங்கிட்டு வாண்ணே. மெதுவா வா.

அண்ணன்: போகச் சொல்றீங்கன்னு புரியுது. எனக்கும் மூளை இருக்கு.

அண்ணி: …போயிட்டார். ம், சொல்லு.

வாலு: இந்த டெஸ்டுக்கு ஒரு பட்டை இருக்கும் அண்ணி, எட்டுக் குழி. ரெண்டு குழி மிஷின் சரியா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்குப் போயிடும். மீதி ஆறு. ஒருத்தருக்காகப் பிரிச்சா மத்ததெல்லாம் வீண். அதனால ஆறு பேர் சேர்ற வரைக்கும் காத்திருந்து ஓட்டுவோம்.

அண்ணி: சரி.

வாலு: அன்னைக்கு ஏழு பேர் இருந்தாங்க. ஆறு இடம். ஒருத்தரை எடுக்கணும். யாரை எடுப்பேன்? நம்ம அண்ணிதானே, வீட்டு ஆளுதானே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு… உங்க டியூபை எடுத்து ஓரமா வச்சேன். அடுத்த தடவை ஓட்டறப்ப ரொம்ப தூரத்துல இருந்து வந்த பொண்ணு ஒண்ணு, இங்கயே இந்த வாசல்ல நின்னு அழுதுச்சு. மறுபடி உங்களைத்தான் எடுத்தேன். மூணாவது தடவைக்கு ஆள் சேர்றதுக்குள்ள நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தீங்க.

அண்ணி: மத்த ரிசல்ட்டெல்லாம் அன்னைக்கே குடுத்தியே.

வாலு: குடுத்தேன். இது பின்னாடி வரும்னேன். அப்புறம் யாரும் கேக்கல. நானும் சொல்லல. அந்த டியூபை ஓட்டிப் பாக்க தைரியம் இல்ல, தூக்கிப் போட மனசும் இல்ல. தினம் ஃப்ரீசரைத் திறக்கறப்ப அது இருக்கற தட்டுப் பக்கம் மட்டும் பாக்க மாட்டேன்.

அண்ணி: பதினாலு மாசமா?

வாலு: பதினாலு மாசமா. நேத்துதான் வேற வழி இல்லாம எடுத்தேன். மிஷின்ல வச்சுட்டு என்ன வேண்டிக்கிறதுன்னே தெரியல அண்ணி. அதுல கிருமி இல்லைன்னு வந்தா, போன தடவை போனதுக்கு நான் காரணமில்ல. ஆனா இந்தப் பாப்பாவுக்குப் புதுசா வந்திருக்கும். இருக்குன்னு வந்தா, இந்தப் பாப்பா தப்பிச்சுச்சு. ஆனா அதை…

அண்ணி: என்ன வேண்டிக்கிட்ட?

வாலு: இருக்குன்னு வரணும்னு. என்னைப் போட்டுக் குடுக்கட்டும், பரவாயில்லன்னு. மிஷின் முன்னாடி நின்னு 'இரு, இரு, இரு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.

அண்ணி: பைத்தியம்.

வாலு: திட்டுங்க அண்ணி. அடிங்க. இப்படி சும்மா பாக்காதீங்க, என்னால தாங்க முடியல.

அண்ணி: கோவம் வருதுடி. வராம இருக்குமா? என் புள்ளை அது. ராத்திரி எல்லாம் வயித்துல கையை வச்சுப் பேசிக்கிட்டு இருந்தேன். ஆனா என் தையல் கடையில போய் பாரு. உன் சட்டைத் துணி ஆறு மாசமா அலமாரியில கிடக்கு. அத்தையோட துணி ஒரு வருஷமா கிடக்கு. வெளியாள் துணி வந்தா அன்னைக்கே வெட்டிடுவேன். வீட்டு ஆளுன்னா நாளைக்குத் தச்சுக்கலாம்னு தள்ளி வைப்பேன். யாரைப் போய் என்ன சொல்ல?

வாலு: துணியும் இதுவும் ஒண்ணா அண்ணி?

அண்ணி: இல்ல. ஒண்ணு இல்ல. ஆனா எனக்குச் சொல்லிக்க வேற என்ன இருக்கு? கண்ணைத் துடை. யார்கிட்டயாவது சொன்னியா இதை?

வாலு: காலையில டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். எங்க லேப் மேடம்கிட்டயும் எழுதிக் குடுக்கப் போறேன். இனிமே யாரோட டியூபும் இப்படி ஓரமா போகக்கூடாது, ஆள் சேரலைன்னா பட்டை வீணானாலும் பரவாயில்ல, ஓட்டிடணும்னு.

அண்ணி: டாக்டர் என்ன சொன்னாங்க?

வாலு: அதான் அண்ணி எனக்குப் புரியல. திட்டுவாங்கன்னு நினைச்சேன். 'உங்க அண்ணி வேற மாதிரி சொன்னாங்களே'ன்னு ஆரம்பிச்சுட்டு, நிறுத்திட்டாங்க. நீங்க என்ன சொன்னீங்க?

அண்ணி: ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கிளம்புற அன்னைக்கு, என் பேப்பரையெல்லாம் புரட்டிப் பாத்தாங்க. 'ஒரு ரிசல்ட் வரலையே, லேப்ல கேக்கட்டுமா'ன்னாங்க. 'கேக்காதீங்க, இன்னொரு தடவை ஊசி குத்தணுமேன்னு பயந்து அந்த டெஸ்ட் வேண்டாம்னு நான்தான் சொல்லிட்டேன்'னேன். படிச்ச பொண்ணு இப்படிப் பண்ணலாமான்னு அரை மணி நேரம் திட்டு வாங்கினேன்.

வாலு: அண்ணி… அப்ப உங்களுக்கு… அன்னையில இருந்தே…

அண்ணி: நீ என் மூஞ்சியை நேரா பாக்கறதை நிறுத்தினியே, என் டெஸ்டை நீ ஓட்டலைன்னு அன்னைக்கே தெரியும். இந்த தடவை டாக்டர் 'ஆஸ்பத்திரியிலயே லேப் இருக்கு, கீழ போய் ரத்தம் குடும்மா'ன்னாங்க. 'வேண்டாம் டாக்டர், எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி இருக்கா, அவளை விட யாரும் நல்லா பாக்க மாட்டாங்க'ன்னு சொல்லிட்டு வந்தேன். தெரிஞ்சுதான்டி வந்தேன்.