கடைசி எண் ஏழு

மாலை ஐந்தே முக்கால். நகரத்துக்கு நடுவில் விட்டுவைத்திருக்கிற காப்புக்காடு. வாசல் கதவை நோக்கிப் போகிற ஒற்றையடித் தடம்… இரண்டு பக்கமும் புதர். மரங்களுக்கு மேலே அடுக்குமாடி விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கின்றன. தூரத்தில் லாரி ஓடுகிற சத்தம். ஏழு பேர், ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். ஏழு பேர் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

யாரது, நான் கதை சொல்லும்போது அந்த டார்ச்சை என் மூஞ்சியில் அடிப்பது? கீழே வை. கரண்ட் வரும்போது வரட்டும், படிக்கட்டில் இடமா இல்லை? எல்லாரும் நெருங்கி உட்காருங்கள். மூன்றாம் மாடிக்காரர் புது ஷூ வாங்கியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் நடக்கப் போகிறாராம். தாராளமாகப் போகட்டும். நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

என்னோடு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுடைய அண்ணனுக்கு நடந்தது இது. அவள் கதை கட்டுகிற ரகம் இல்லை. ஃபிரேம் பொருந்தவில்லை என்றால் வாங்க வந்தவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். “பத்து செகண்டுக்கு ஒரு தரம் பின்னாடி கண்ணாடியைப் பாரு” என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற மனிதர். ஆனால் காட்டில் அவர் திரும்பவே மாட்டார். நடைக்குழுவுக்கு அவர்தான் தலைவர். தலைவன் திரும்பினால் வரிசை கலைந்துவிடுமாம். அதனால் எண்ணுவார்கள். கால் மணிக்கு ஒரு தரம் அவர் “ஒண்ணு” என்பார். பின்னால் வருகிறவர்கள் ரெண்டு, மூணு என்று சொல்லிக்கொண்டே வர, கடைசி ஆள் “ஏழு” என்றால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். நடுவில் யாராவது ஷூ நாடா கட்ட நின்றால் வரிசை நிற்காது. பின்னால் வருகிறவர் அவரைத் தாண்டிப் போய் அவர் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். நின்றவர் கடைசியில் வந்து சேர்ந்துகொள்வார்.

அன்று ஏழு, மாஸ்டரின் மனைவி. என் தோழிக்கு அண்ணி.

காலையிலிருந்தே இருவருக்கும் ஆகவில்லை. “ஷூ அடி பிஞ்சு தொங்குது, இன்னிக்கு நான் வரலைங்க” என்றிருக்கிறாள் அவள். அவர் எல்லார் முன்னாலும், “உன் சாக்கு எனக்குத் தெரியாதா? வாயை மூடிட்டு வரிசை வாலைப் புடிச்சுட்டு வா” என்று சொல்லிவிட்டார். அவளும் வாயை மூடிக்கொண்டாள். எண்ணைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பாவி மனுஷன், ஒரு ஷூவுக்காக!

அவளுக்கு முன்னால் ஆறாவது ஆளாக நடந்தவர் ஒரு பல் டாக்டர். பின்னால் அந்தப் பிய்ந்த ஷூ சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. சப்… சப்… சப். ஐந்தேகாலுக்கு ஓடை மேலே இருக்கிற மரப்பாலத்தைத் தாண்டினார்கள். அதற்கப்புறம் அந்தச் சத்தம் இல்லை.

கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள் போல என்று டாக்டர் நினைத்தார். காலடி மட்டும் கேட்டது. மெத்து… மெத்தென்று. ஒரு வாடை வந்தது, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறின சாக்கு வாடை. மேடு ஏறும்போது டாக்டருக்கே மூச்சு இரைத்தது. பின்னால் மூச்சுச் சத்தமே இல்லை.

ஐந்தரைக்கு மாஸ்டர் “ஒண்ணு” என்றார். ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. டாக்டர், ஆறு. கொஞ்சம் இடைவெளி…

“ஏழு.”

அண்ணி குரல்தான். டாக்டர் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவார். ஐந்தே முக்காலுக்கும் எண்ணினார்கள். அப்போதும் ஏழு வந்தது.

வாசலில் காவலாளி சாவியோடு நின்றார். ஒவ்வொருவரையும் விரலால் எண்ணினார். “ஏழு பேர் போனீங்க. ஆறு பேர்தானே வந்திருக்கீங்க?”

“ஏழுதாம்பா. இப்பத்தானே எண்ணினோம்” என்று எரிந்து விழுந்தபடி மாஸ்டர் அன்றைக்கு முதல் தடவையாகத் திரும்பினார். டாக்டருக்குப் பின்னால் வெறும் பாதை. அவ்வளவுதான்.

டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரும் இன்னொருவரும் பாலத்துப் பக்கம். மாஸ்டரும் காவலாளியும் குறுக்குத் தடத்தில். மனைவி பேரைச் சொல்லி மாஸ்டர் கத்திப் பார்த்தார், பதில் இல்லை. கடைசியில் என்ன தோன்றியதோ, தொண்டை கிழிய “ஒண்ணு!” என்றார்.

புதருக்குள்ளிருந்து வந்தது. “ஏழு.”

“இருக்கா! உயிரோட இருக்கா!” சிரிப்பும் அழுகையுமாக முள்ளில் விழுந்து எழுந்து ஓடினார். ஒண்ணு… ஏழு. ஒண்ணு… ஏழு. கூப்பிடக் கூப்பிடக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. காவலாளி பின்னாலேயே ஓடி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். “சார்… இதுக்கு மேல தரை இல்லை சார்.” பழைய கல்குவாரி. டார்ச் அடித்தால் கறுப்புத் தண்ணீர்தான் தெரிந்தது. அதற்கு நேர்மேலே, யாரும் நிற்க இடமில்லாத வெளியிலிருந்து, நிதானமாக இன்னொரு தரம் “ஏழு” என்று கேட்டது.

அப்போதுதான் பாலத்துப் பக்கமிருந்து டாக்டரின் விசில்.

பாலத்துக்குக் கீழே பாறையில் கிடந்தாள். உயிர் இருந்தது. தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. டாக்டர் வாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் சொன்னார். “விழுந்ததுமே இப்படி ஆயிருக்கு. இந்த வாயால ஒரு எழுத்துகூடச் சொல்லியிருக்க முடியாது.”

என்ன, என் கையை இப்படி இறுக்குகிறீர்கள்? வலிக்கிறது, விடுங்கள்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டினார்கள். ரத்தம் நிறையப் போயிருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் தைரியமாகச் சொல்லலாம், இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார் பெரிய டாக்டர். அந்த ஐந்தரை மணி எண்ணிக்கையில் ஒரு எண் குறைந்திருந்தால் போதும், அப்போதே திரும்பியிருப்பார்கள். அதை நினைத்து நினைத்து மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவளுக்கு நினைவு தெளிந்தது. எழுதக் காகிதம் கேட்டாள். என் தோழி பக்கத்தில்தான் நின்றாள். அண்ணி எழுதினாள். ‘கால் தடுக்கி விழுந்தேன். கத்த முடியலை. எனக்குப் பின்னால வந்தவ என் இடத்துக்குப் போயிட்டா.’

“உனக்குப் பின்னால ஆளே இல்லையேம்மா, நீதானே கடைசி?” என்றார் மாஸ்டர்.

அவள் தலையை ஆட்டினாள். ‘நிறைய பேர் இருந்தாங்க. பாலம் முழுக்க. ஒவ்வொருத்தரா ஒரு இடம் முன்னால நகர்ந்தாங்க.’

மூன்றாம் மாடிக்காரரே, எழுந்து எங்கே போகிறீர்கள்? உட்காருங்கள், முடியப்போகிறது.

மாஸ்டர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். “என் மேல கோபம்னா ஆயிரம் திட்டியிருக்கலாமே… ஒரு சத்தம் காட்டியிருக்கக் கூடாதா? ஒரு கல்லையாவது எடுத்து எறிஞ்சிருக்கக் கூடாதா?”

அவள் அவரைப் பார்த்தாள். பார்வையில் கோபமெல்லாம் இல்லையாம். பிறகு இரண்டு வரி எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மறுநாள் விடியும்போது உயிர் போய்விட்டது.

என் தோழி அந்தக் காகிதத்தைப் படித்தாள்.

‘எறிஞ்சேன். பாலத்துல இருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. நீங்கதான் பார்க்கலை.’