கிளியூர் பிரிவுக்கு வரச் சொன்னேன்

ஓடுகிறோம். டிசம்பர், எழுபத்தொன்று. காலை ஆறே கால். மேற்கு எல்லையில் ஒரு கோதுமை வயல். குண்டு வருமுன் சீழ்க்கைச் சத்தம் கேட்கும். சீழ்க்கை நின்றால் தரையோடு படுக்க வேண்டும். படுத்தேன். எழுந்தேன். இடது காலை ஊன்றினேன். 'டொப்'. சின்னச் சத்தம். பட்டாசு அளவுகூட இல்லை. மண்ணில் புதைத்த கண்ணிவெடி, பட்டாளப் பேச்சில் மைன்.

மல்லாந்து கிடக்கிறேன். பூட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. இருபதடி தள்ளி சின்னையன். அவன் கிளியூர், நான் வெள்ளக்கடை. ஒரே பஸ்ஸில் மலையிறங்கிப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள்.

"வராதேடா! மைனு! வராதே!"

வந்தான். என்னை இழுத்து வரப்பில் போட்டான். துப்பாக்கியை எடுக்கத் திரும்பினான். இரண்டாவது சத்தம். இது பெரிய சத்தம். அரை மணி நேரம் உயிர் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"வலிக்கலைன்னு அம்மாகிட்டச் சொல்லிரு. ஊட்டுக்குப் போய் நீயே சொல்லோணும்."

அவனை அங்கேயே எரித்தார்கள். ஊருக்குத் தந்தி மட்டும் போனது.

எனக்கு எட்டு மாதம் ராணுவ ஆஸ்பத்திரி. கட்டைக்கால் மாட்டி நடக்கப் பழக்கினார்கள். நன்றாகவே நடந்தேன். அங்கே தரை சமம். எங்கள் மலையில் சமமான தரைக்கு எங்கே போவது? வாசலில் நாலு படி, நாலிலும் விழுந்திருக்கிறேன். காப்பிச் செடி மறைவில் குந்த முடியாது. மழை பெய்தால் கட்டைக்கால் சேற்றில் நின்றுவிடும், நான் மட்டும் முன்னால் போய் விழுவேன். பஸ் எங்கள் ஏற்றத்தில் முழுதாக நிற்காது. நின்றால் மறுபடி இழுக்காது என்பார் டிரைவர். ஊரே ஓடித் தொற்றிக்கொள்ளும். நான் அரை மைல் தள்ளிச் சமதளத்தில் போய்க் காத்திருக்க வேண்டும்.

சின்னையன் வீடு, பஸ் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் கிளியூர் பிரிவிலிருந்து கீழே, பள்ளத்தில். ஒற்றையடிப் பாதை. ஐப்பசி மழையில் போனேன். மூன்றாவது வளைவில் உருண்டேன். தவழ்ந்து மேலே வந்தேன்.

"தூளி கட்டித் தூக்கிட்டுப் போறமுங்க" என்றார்கள் பங்காளிகள். பிணத்தையும் பிள்ளைத்தாய்ச்சியையும்தான் எங்கள் பக்கம் தூளியில் தூக்குவார்கள். நான் ரெண்டும் இல்லை என்று கத்தினேன். வயது இருபத்தாறு. வீம்பு. இன்றைக்கு அந்த வாயை நானே அறைந்துகொள்வேன்.

கிளியூர்ப் பக்கம் போன எஸ்டேட் ரைட்டரிடம் சொல்லி அனுப்பினேன். "சின்னையன் அம்மாவ ஞாயித்துக்கெழமை பத்து மணி பஸ்ஸுக்குப் பிரிவுக்கு வரச் சொல்லுங்க." எதற்கென்று சொல்லவில்லை.

துக்கம் கேட்பவன் வீட்டு வாசலுக்குத்தான் போவான். துக்க வீட்டாரை ரோட்டுக்கு வா என்று யாரும் கூப்பிடுவதில்லை. ரோட்டுக்கு அழைத்தால் ஒருவர் ஊர் திரும்புகிறார், எதிர்கொண்டு கூட்டிப் போக வேண்டும் என்றுதான் பொருள். எனக்குத் தெரியாதா? தெரியும். என் கட்டைக்காலையே நினைத்து நினைத்து மற்றதெல்லாம் மறந்து போயிருந்தேன்.

பத்து மணி. பஸ் நிற்கிறது. எனக்கு முன்பக்கமாக இறங்க வராது. கம்பியைப் பிடித்து, முதுகைக் காட்டி, கட்டைக்காலைத் தரையில் தேடித் தேடி இறங்குவேன். உடம்பில் பட்டாளத்துக் கோட்டு. முதுகுக்குப் பின்னால் குலவைச் சத்தம். யாருக்கோ என்று நினைத்தேன்.

திரும்பினேன். காளியம்மா. சின்னையனின் அம்மா. புதுச்சேலை. கையில் ஆரத்தித் தட்டு. பக்கத்தில் நாலைந்து சொந்தக்காரர்கள். பிணத்தைப் பார்க்காதவள் தந்தியை நம்பவே இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பஸ் படியைப் பார்த்தாள்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"ஏனுங்க, ஊதாதீங்க! இன்னும் ஒராளு எறங்கோணும்!"

யாரும் இறங்கவில்லை. பஸ் போனது. புகை அடங்கும்வரை நின்றாள்.

"அவன் அடுத்த பஸ்ஸா, சாமி?"

சொன்னேன். நடு ரோட்டில், வேடிக்கை பார்ப்பவர்கள் நடுவே. வலிக்கலையாம் என்றும் சொன்னேன். அது பொய் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். மஞ்சள் தண்ணீரை ஓரமாக ஊற்றினாள். தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"ஊட்டுக்கு வந்திருந்தா, கதவச் சாத்திட்டு அழுதிருப்பேன், கண்ணு."

பாதையில் இறங்கினாள். பின்னால் போக என்னால் முடியவில்லை. கம்பு ஊன்றி மேலேயே நின்றேன்.

அடுத்த தை மாதம் காளியம்மா செத்துப்போனாள். அதற்கும் பிரிவு வரைதான் போனேன். கீழேயிருந்து பறைச் சத்தம் மட்டும் வந்தது.

போனவை: இடது கால், முழங்காலுக்குக் கீழே. சின்னையன், வயது இருபத்துநாலு. காளியம்மா பத்து மாதமாக விடாமல் பிடித்துவைத்திருந்த நம்பிக்கை. முதல் இரண்டையும் எடுத்தவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. மூன்றாவதை எடுத்தவனுக்குத் தினமும் நான்தான் சவரம் செய்கிறேன்.