நாற்காலியும் மரம்தான்

எங்கள் பக்கத்துப் புளிக்கு நல்ல பெயர் உண்டு, ஐயா. மெட்ராசுக்குத் திரும்பும்போது அரூர்க் கடைவீதியில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போங்கள். சித்தேரி மலையிலிருந்து இறங்கின புளி என்று கேட்டு வாங்குங்கள். குழம்பின் நிறமே வேறாக இருக்கும்.

சென்றாயனைப் பற்றிச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் பட்டியலில் என் பெயருக்கு நேரே 'நெருங்கிய நண்பர்' என்று எழுதியிருக்கிறது. அது சரிதான். பெயர் சவுரியப்பன், வயது இருபத்து மூன்று, அரூரில் ஒரு டுட்டோரியலில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று சாட்சி சொல்ல வந்தவர்கள் எல்லோரும் அழுதார்களாம். நான் அழமாட்டேன். நடந்ததை வரிசையாகச் சொன்னால் உங்கள் விசாரணைக் கமிஷனுக்கு அதுதான் உதவும்.

சென்றாயன் சித்தேரிக்காரன். அப்பா இல்லை. ஆத்தாள் சின்னபொண்ணு சாமை விதைத்தும் கடுக்காய் பொறுக்கியும் அவனைப் படிக்க வைத்தாள். தருமபுரியில் காலேஜ் ஹாஸ்டலில் நானும் அவனும் ஒரே அறை. அப்போது மலைக்குப் பஸ் கிடையாது, அடிவாரத்திலிருந்து நடக்க வேண்டும். அதனால் சனி ஞாயிறுகளில் என்னோடு எங்கள் ஊருக்கு வந்துவிடுவான். அரூரிலிருந்து நாலு மைல். மாதா கோயிலைச் சுற்றி எல்லாம் எங்கள் வேதக்காரக் குடும்பங்கள்.

முதல் தடவை வந்தபோது என் அம்மா இன்னாசியம்மாள் எனக்குக் களி போட்ட பிறகு அவனுக்குப் போட்டாள். மூன்றாவது தடவை அவனுக்குப் போட்ட பிறகு எனக்குப் போட்டாள். நான் அதைச் சும்மா கேட்டேன். "மலையெறங்கி வர்ற புள்ளடா, பசியோட இருக்கும்" என்றாள். அவன் மலையிறங்கி வரவில்லை. தருமபுரியிலிருந்து என்னோடு ஒரே பஸ்ஸில், எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவன் நல்லவன். இரண்டாம் வருஷத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்துவிட்டேன். அந்த ஒரு மாதப் பாடத்தையும் எனக்காகத் தனி நோட்டில் எழுதிவைத்தான். அவன் எழுத்து பார்த்தவுடன் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளியைப் புள்ளியாக வைக்கமாட்டான், குட்டி வட்டமாகப் போடுவான். 'லி', 'தீ' என்றால் மேலே வருகிற சுழியை அரிவாள் மாதிரி வளைப்பான். மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பழக்கிவிட்டது என்றான். அந்த நோட்டு இன்னமும் என்னிடம் இருக்கிறது.

எழுபத்தைந்து ஜூனில் அவசர நிலை வந்தது. இந்தப் பக்கத்தில் அது உறைத்தது அடுத்த ஜனவரிக் கடைசியில், மாநில அரசைக் கலைத்த பிறகுதான். கூட்டம் போடக்கூடாது, நோட்டீஸ் அடிக்கக்கூடாது. அரூர் பஸ் ஸ்டாண்டில் துப்பாக்கிப் போலீஸ் லாரி ஒன்று எந்நேரமும் நின்றது. டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறவர்கள் மனசுக்குள் படிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில் பையன்களைச் சேர்த்துக் குழு ஆரம்பித்தது நான். தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள். நேற்று வந்தவர்கள் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சென்றாயனையும் சேர்த்து ஆறு பேர். சின்னப்பராஜின் சைக்கிள் கடையில் கூடுவோம். தேர்தல் வை, ஜெயிலில் இருப்பவர்களை வெளியே விடு, பேச விடு. இவ்வளவுதான் எங்கள் கோரிக்கை.

காலேஜ் பையன்களைக் கூட்டி முதல் முறை பேசியதும் நான்தான். அரை மணி நேரம் பேசினேன். ஒரு வாரம் தயார் செய்த பேச்சு. பையன்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சென்றாயனை ஏதாவது சொல்லு என்றார்கள். அவன் எழுந்து, "எங்க மலையில ரேஞ்சர் வந்தா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோம். இப்ப நாடே அப்படி ஆயிட்டுதுங்க. எனக்குப் பழகிப்போச்சு. உங்களுக்குப் பழகக் கூடாது" என்றான். உட்கார்ந்துவிட்டான். அடுத்த வாரம் அறுபது பேர் வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு கடைவீதியில் நடந்தோம். அவனை முன்னால் நிறுத்தினார்கள். நான் இரண்டாவது வரிசை.

அன்றைக்குத் தடியடி நடந்தது. எங்கள் ஆறு பேரையும் பிடித்துக்கொண்டு போய், இனிமேல் இப்படிச் செய்யமாட்டோம் என்று அவரவர் கையால் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். என் நெற்றியில் மூன்று தையல். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "சென்றாயனுக்கு அடி ஒண்ணும் இல்லியே?"

பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளக்கூடாது. நான் தமிழ் படித்தவன், சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். இல்லாதவன் இருக்கிறவனைப் பார்த்துப் படுவது பொறாமை. என்னிடம் எல்லாம் இருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

ஊர்வலம் முடியாது என்றான பிறகு சுவரில் எழுதுவது என்று முடிவு செய்தோம். ஆளுக்கு ஒரு வரி கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் 'ஜனநாயகம் வேண்டும்', 'பேச்சுரிமை எங்கே' என்று கொண்டுவந்தார்கள். நான் பத்து நாள் யோசித்து ஒரு வரி கொண்டுவந்தேன். 'நாற்காலியும் மரம்தான். தீப்பிடிக்கும்.'

சைக்கிள் கடையில் நான் அதைப் படித்ததும் சின்னப்பராஜ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒன்றைக் கேட்டு ஒருவன் வேலையை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. அதற்குள் சென்றாயன், "வேணாம்டா. கேக்க நல்லாருக்குது. ஆனா மிரட்டற மாதிரி இருக்குது. நாம தீ வெக்கிறவங்க இல்லியே. இதச் சாக்கா வெச்சு யாரையாச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்க" என்றான். சின்னப்பராஜ் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, ஆமாம், அவன் சொல்வதும் சரிதான் என்றான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வீட்டுக்குப் போய் மஞ்சள் காமாலை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிப் பழகினேன். வட்டப் புள்ளி இரண்டு நாளில் வந்துவிட்டது. அரிவாள் சுழிக்குத்தான் ஒரு வாரம் பிடித்தது.

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை வீட்டில் ஆள் இருக்காது. கோயிலில்தான் இருப்பார்கள். சர்க்கார் விடுமுறை என்பதால் அரூரிலும் நடமாட்டம் இல்லை, நல்ல சித்திரை வெயில் வேறு. சைக்கிளில் போனேன். சேலம் ரோட்டில் ஒரு புளி குடோன் உண்டு, நீளமான வெள்ளைச் சுவர். காவி கரைத்த டப்பாவும் ஈச்சங்குச்சியும் கொண்டுபோயிருந்தேன். சென்றாயன் பிரஷ் பிடிக்கமாட்டான், ஈச்சங்குச்சியை நசுக்கித்தான் எழுதுவான். முழங்கை நீளத்துக்கு ஒவ்வொரு எழுத்து. முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தேன். அவனே வந்திருந்தாலும் தான் எழுதியது என்றுதான் நினைத்திருப்பான். மூன்று மணிக்குக் கோயிலுக்கு வந்து வரிசையில் நின்று, குனிந்து உதடு வைத்துச் சிலுவையை முத்தி செய்தேன்.

திங்கட்கிழமை ஒரு சப்-இன்ஸ்பெக்டர் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். எந்த ஸ்டேஷன் என்பது உங்கள் காகிதத்தில் இருக்கும். ஆறு பேரும் எழுதிக்கொடுத்த தாள்களை மேஜைமேல் பரப்பிவைத்திருந்தார். "சுவத்துல இருக்கிறது இதுல யார் எழுத்து?" என்றார். எனக்குத் தெரியாதுங்க என்றேன். நான் காட்டிக்கொடுக்கவில்லை, ஐயா. ஒரு தாளை மட்டும் மற்றதைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தேன். அவர் கெட்டிக்காரர்.

சென்றாயன் அப்போது புளி உலுக்க மலைக்குப் போயிருந்தான். போலீஸ் மேலே ஏறினால் அடிவாரத்திலேயே சேதி தெரிந்துவிடும், காட்டுக்குள் போனவனைப் பிடிக்க ஒரு மாதம் ஆகும். சப்-இன்ஸ்பெக்டர் அதைச் சொல்லி வருத்தப்பட்டார். நான் கூப்பிட்டால் வருவான் என்றேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். சந்தைக்கு வந்த ஒரு மலைக்காரரிடம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் வந்தான். தோளில் ஒரு மூட்டை புளி. அம்மா நன்றாக நடமாடுவதைப் பார்த்து, "என்ன ஆயா, படுத்திருக்கறீங்கன்னு சொன்னாங்க" என்று சிரித்தான். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, புரியாமலே சந்தோஷப்பட்டு இலை போட்டாள். அவள் ரசம் எடுக்க உள்ளே போன நேரத்தில் அவன் என்னைப் பார்க்காமல் பேசினான்.

"வர்ற வழியில பஸ்லருந்து சுவத்தப் பாத்தன்."

நான் தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"வட்டப் புள்ளி எதுக்குடா வெச்ச?"

"ஊறுகா வேணுமா?" என்றேன்.

அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். "சரி வுடு. ஏதோ கோவம். சாயங்காலம் சுண்ணாம்பு வாங்கிட்டு ரெண்டு பேரும் போயி அழிச்சிரலாம். யாருக்கும் தெரிய வேணாம்."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கரும்புத் தோட்டம். அவன் வந்ததுமே ஸ்டேஷனுக்குச் சேதி அனுப்பியிருந்தேன், ஜீப் வருவதற்குக் கால்மணி நேரம் இருந்தது. பின்பக்கமாகப் போய்விடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், அவன் முகத்தைப் பார்த்தபோது சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சுண்ணாம்பு என்று சொன்னானே, ஐயா. அழிப்பானாம். சைக்கிள் கடையில் ஒரு தடவை அழித்தது போதவில்லை.

ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். "சுவத்துல எழுதினது நீயா?" சென்றாயன் எச்சில் கையோடு எழுந்து நின்றான். என்னைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். "ஆமாங்க, நான்தான். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

அம்மா கரண்டியோடு ஓடிவந்து, "பச்சப் புள்ளைங்க, சாப்பிட்டு முடிக்கட்டுங்க" என்று கெஞ்சினாள். விடவில்லை. அந்த இலையை அவள் சாயங்காலம்வரை எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் வயிற்றுப்போக்கில் இறந்துவிட்டான் என்று தகவல் வந்தது. உடம்பைத் தரவில்லை. அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. ஒரு எச்சரிக்கை செய்து, இரண்டு மாதம் வைத்திருந்து, அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். அந்த இரண்டு மாதம் எனக்குப் போதும்.

அவன் ஆத்தாள் சின்னபொண்ணு மலையிறங்கி வந்து என்னைத்தான் தேடினாள். சுவரில் போலீஸ் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஆனால் ஒரு கோடை மழையில் காவி மறுபடியும் வெளியே வந்துவிட்டது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. "எம்புள்ள என்ன எழுதினான் சாமி? ஒருக்கா படிச்சுக் காட்டு" என்றாள். படித்துக் காட்டினேன். மறுபடியும் படிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை என்னோடு சேர்ந்து அவளும் சொன்னாள். சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம்புள்ளைக்கு எப்பவும் நல்ல வாக்கு" என்றாள். அது என் வாக்கு. பக்கத்தில்தான் நின்றேன், தொட்டுக் கும்பிட ஆள் நான் இருக்க.

எழுபத்தேழில் தேர்தல் வந்தது. நீங்கள் மெட்ராசில் இருந்திருப்பீர்கள், இந்த மாவட்டத்தைப் பார்த்திருக்கமாட்டீர்கள். தருமபுரியிலிருந்து அரூர்வரை சுவருக்குச் சுவர் அந்த வரிதான். மேடைக்கு மேடை, "சென்றாயன் எழுதினான்" என்று ஆரம்பித்து அதைச் சொல்வார்கள். கைதட்டல் அடங்க நேரமாகும். அவனுடைய நண்பன் என்று என்னையும் மேடையேற்றினார்கள். நான் சொல்லும்போதும் தட்டினார்கள். எனக்காக அல்ல. என் அம்மா கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்கு ஒரு மெழுகுவர்த்தியும் அவனுக்கு ஒன்றும் ஏற்றுகிறாள். அவன் ஞானஸ்நானம் வாங்காதவன் என்று சொன்னேன். "நீ சும்மா இருடா" என்றாள்.

இப்போது அரூரில் அவனுக்குக் கல் நடப்போகிறார்கள். வரியை வெட்டி, அடியில் அவன் பெயர். போன வாரம் கல்தச்சன் பென்சிலால் குறித்து வைத்திருந்ததைப் போய்ப் பார்த்தேன். வட்டப் புள்ளி சகிதமாகக் குறித்திருக்கிறான். அதைப் பார்த்த பிறகுதான் உங்களிடம் வரவேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஐயா, போலீஸ் ரிக்கார்டில் அவன் ஒப்புக்கொண்டதாக இருக்கிறது. அவன் சொன்னது பொய். அவன் அந்த வரியை வேண்டாம் என்றவன். சுண்ணாம்பு அடித்து அழிக்கலாம் என்றவன். ஒரு எழுத்துகூட அவனுடையதில்லை. ஆனாலும் எழுந்து நின்று, என் கண் முன்னால், நான்தான் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் அவனுக்குச் செய்ததைப் பற்றி இரண்டு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவன் எனக்குச் செய்ததை யாரும் கேட்கவில்லை.

மற்றதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கல்லில் மட்டும் சவுரியப்பன் என்று இருக்கட்டும்.