கருவியை நிறுத்திய கை

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன்: நாளை விழா முடியும்வரை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அப்பாவிடம். ஆசிரியை எழுதித் தந்த பேச்சுக்குப் பதிலாக இதைத்தான் மேடையில் பேசப்போகிறேன்.

அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் இப்பள்ளியின் தலைமையாசிரியரும், என்னைப் பெற்றவருமான அப்பா அவர்களே! அறிவூட்டிய ஆசான்களே! அலுவலை ஒதுக்கி ஆவலோடு வந்திருக்கும் அன்னையரே! பின்வரிசையில் இப்போதே கொட்டாவி விடும் என் தோழிகளே! வணக்கம்.

நம் பள்ளி இணையதளத்தின் சர்வரில், எந்தெந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் அறையைக் கவனித்துக்கொள்ளும் லேப் அக்கா அதைத் துண்டு துண்டாக எழுதுவார். நூலகத்துக்கு ஒரு துண்டு, தேர்வுக்கு ஒரு துண்டு. மணிக்கொரு முறை ஒரு கருவி, அதாவது தானாகவே ஓடும் ஒரு புரோகிராம், அவற்றைக் கோத்து முழுக்கோப்பாக்கும். அதன் தலையிலேயே எழுதியிருக்கிறார்: "இதைத் தொடாதே. துண்டைத் திருத்து."

தொட்டது யார்?

ஒருநாள் நூலகப் பக்கம் திறக்கவில்லை. "கம்ப்யூட்டர் கிளப் தலைவின்னு பீத்திக்கிறியே, இதைத் திறக்க முடியலையா?" என்றாள் தோழி. ஆமாம், நீதான்டி, சிரிக்காதே! எனக்கு ரோஷம் வந்தது. அக்கா என்னை நம்பித் தந்த தன் கடவுச்சொல்லைப் போட்டு, முழுக்கோப்பிலேயே இரண்டு வரி சேர்த்தேன். திறந்தது! ஒரு மணி நேரத்தில் கருவி வந்து அழித்தது. மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தது. எத்தனை திமிர் அதற்கு? திமிர் அதற்கா, எனக்கா? கருவியையே நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அக்கா தேர்வு விண்ணப்பத்துக்கான துண்டை எழுதி வைத்தார். கோக்கக் கருவி ஓடவில்லை. கடைசி நாளன்று பக்கம் திறக்காமல் நாற்பத்தொரு மாணவிகள் தவித்தார்கள்.

அப்பா, உங்கள் அறையில் அக்காவைக் கேட்டீர்கள்: "கருவியை நிறுத்தினது உன் பேர்லதாம்மா பதிவாகியிருக்கு."

"நான் நிறுத்தலை சார்."

"அப்போ பேய் வந்து நிறுத்துச்சா? விழா முடிஞ்சதும் கணக்கை முடிச்சுக்கோ."

கதவோரம் நின்ற என்னை அக்கா ஒருமுறை பார்த்தார். யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவையோரே, அவரை அனுப்பினால் பிழை போய்விடுமா? அது முழுக்கோப்பைக் கையால் திருத்துவது போலத்தான்! அழியும், திரும்பும், மீண்டும் அழியும்! திருத்த வேண்டிய துண்டு இதோ, உங்கள் முன் நிற்கிறது. கருவியை நிறுத்திய கை இந்தக் கை! அப்பா, தண்டனையை எனக்குத் தாருங்கள். அக்காவின் வேலையை அவருக்கே தாருங்கள். நடந்ததை என் பெயரிலேயே எழுதி, அந்த நாற்பத்தொரு பேருக்கும் தேர்வுத் துறையிடம் அவகாசம் கேளுங்கள். கைதட்டாதீர்கள், நான் அதற்குத் தகுதியானவள் அல்ல.

பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி. லேப் அக்கா, உங்களுக்கு மட்டும் தனியாக ஒரு வணக்க...

கதவு தட்டுகிறது. "இன்னுமா லைட் எரியுது?" அப்பாதான். தாளை மறைக்கப் போவதில்லை.