வெர்டிக்கு டிசம்பரில்தான் அறுபத்தைந்து

ஹலோ... ஆமா, லூசியஸ்தான் பேசுறேன்... யாரு, டெல்ஃபீனா? சொல்லும்மா... நல்லா கேக்குது... வீட்டுல யார் யாரு இருக்காங்களா? நான் இருக்கேன். உன் அத்தை ஹேட்டி அடுப்படியில இருக்கா. வெர்டி புருசன் ராஸ்கோ முன் ரூம்ல உக்காந்திருக்கான், நேத்துப் போட்ட ஷூவைக்கூடக் கழட்டாம. வக்கீலம்மா வந்திருக்காங்க, மிஸ் கஸ்தீயோ. அவ்வளவுதான்... இல்ல, பாஸ்டர் நாளைக்குத்தான் வருவார்.

சாப்பிட்டேன், சாப்பிட்டேன்... பொய் சொல்லல. சர்ச்சு ஜனங்க வாசப்படியில வெச்சிட்டு வெச்சிட்டுப் போறாங்க, மாஸ்க்கோட. ஹாம் கறி மட்டும் மூணு வந்திருக்கு. இந்த வீட்டுல யாருக்குப் பல் இருக்குன்னு நெனச்சாங்களோ தெரியல.

சரி, விஷயத்துக்கு வா. நீ அச்சுக் கடையில இருக்கறதால வெர்டியோட அடக்கத்துல எல்லாருக்கும் குடுக்கற புத்தகம் உன் பொறுப்பு. சர்ச்சுல எழுந்து நின்னு அதை வாசிக்கப்போறதும் நீதான். அதனால வார்த்தை வார்த்தையா என்கிட்ட கேட்டு எழுதிக்க... ம்... ம்... பேரு முழுசா போடு. வெர்டி லூயிஸ் பெட்டிவே. லூசியஸ் ஆர்ச்சியோட, அதாவது என்னோட, மூத்த மக. இருபத்தெட்டு வருசம் ஸ்கூல் பஸ் ஓட்டினா, ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல... ஆமா, அதையும் போடு. வயசு அறுபத்துநாலு... இல்லம்மா, அறுபத்தஞ்சு இல்ல. கூட்டிப் போடாத. டிசம்பர்லதான் அறுபத்தஞ்சு. அந்த ரெண்டு மாசக் குறைக்காகத்தான் இவ்வளவும்.

ஆமா, கேஸ் விஷயமும் வரணும்... யாரு வேண்டாங்கிறது?... டீக்கன் மோஸ்லியா? சர்ச்சுக்குள்ள கோர்ட்டு எதுக்குன்னு கேக்கறாரா?... அவர் கோர்ட்டுப் படி ஏறினது கூடப் பொறந்த தம்பி நிலத்தைப் புடுங்க. என் மக ஏறினது ஊருக்காக. இதை நான் சொன்னதாவே போய்ச் சொல்லு.

உனக்கு எப்படித் தெரியும், நீ சிகாகோவுல இருக்கவ. உங்க ஊர்ல யார் கேட்டாலும் தபால் ஓட்டு குடுக்கறாங்க. இங்க டெக்சாஸ்ல அறுபத்தஞ்சு ஆகியிருக்கணும். அதுக்குக் கீழன்னா ஒடம்பு முடியாதவங்க, ஊர்ல இல்லாதவங்க, அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான். கொரோனாவுக்குப் பயமா இருக்குன்னா அது காரணமில்லையாம்... ஆமா. எனக்கு வந்துச்சு, எண்பத்தாறு வயசுக் கிழவனுக்கு. நான் எப்பவும் நேர்ல போய் நின்னுதான் போடுவேன், இந்த வருசம் வெர்டி விடல. உங்களுக்கு வயசாயிருச்சுன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டிருக்கு, நீங்க மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறீங்கன்னு கிண்டல் பண்ணினா. தபாலாபீசுக்கு என் கவரை அவதான் கார்ல கொண்டுபோய்ப் போட்டா.

ம்... ம்... அதேதான். ஓட்டுப் போடற வயசு வந்த எவனையும் வயசைச் சொல்லி ஒதுக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே இருக்குங்கறது அவ வாதம். நாலு பேர் சேர்ந்து போட்ட கேஸ், அதுல மூத்தவ இவ. கீழ்க்கோர்ட்டு சரின்னுச்சு. மேல்கோர்ட்டு அதை நிறுத்தி வெச்சிருச்சு. அதுக்குள்ள ஓட்டுப் போடற நாளும் வந்திருச்சு.

...

அதைத்தான் ராஸ்கோவும் கேட்டான். ஆகஸ்டுல டாக்டர் அவ இதயம் சரியில்லைன்னு சொன்னப்பவே கேட்டான். ஒடம்பு முடியலைன்னு ஃபாரத்துல ஒரு கோடு போட்டா தபால்ல வந்திரும், அது பொய்யுமில்லன்னான். வக்கீலம்மாவும் சொன்னாங்க, தாராளமா போடுங்க, கேஸ்லேருந்து உங்க பேரை எடுத்துடறோம், மத்த மூணு பேர் இருக்காங்கன்னு... இல்லம்மா, அவங்களைத் திட்டாத. காலையிலேருந்து இங்க உக்காந்திருக்காங்க, காப்பியைக்கூடத் தொடல.

வெர்டிதான் கேக்கல. கோர்ட்டுல பைபிள் மேல கைவெச்சு என்ன சொல்லியிருந்தா? நான் ஆரோக்கியமா இருக்கேன், என்னைத் தடுக்கறது வயசு மட்டும்தான்னு. "நான் இப்ப நோயாளின்னு எழுதிக்கொடுத்தா, பாத்தீங்களா, வயசெல்லாம் வெறும் சாக்குன்னு அவங்க சிரிப்பாங்க அப்பா." இதே வார்த்தை. இந்த மேஜையில உக்காந்து சொன்னா.

...நானா? நான் என்ன சொன்னேனா?

நம்ம வீட்டு ஆளுங்க சத்தியம் பண்ணினா பண்ணினதுதான்னேன்.

...ஆமா. நான்தான்.

...

லைன்ல இருக்கியா?... இரு, ஹேட்டி ஏதோ கேக்கறா. ...பச்சை டிரஸ் வேண்டாம் ஹேட்டி, நீலம். சர்ச்சுக்குப் போடுவாளே, அது. தொப்பியும் வை... ம், சொல்லும்மா.

எப்படி நடந்துச்சுன்னு ராஸ்கோ சொன்னதைத்தான் சொல்ல முடியும். முன்கூட்டி ஓட்டுப் போடற முதல் நாளு. ஸ்கூல் ஜிம்மைச் சுத்திச் சுத்தி வரிசை. தள்ளித் தள்ளி நிக்கச் சொன்னதால இன்னும் நீளம். அக்டோபர்னு பேரு, வெயில் அப்படியே சுட்டிருக்கு. அங்க வேலை பாத்த பொண்ணு இவ முகத்தைப் பாத்துட்டு, முன்னால வாங்க, இல்லைன்னா கார்லயே உக்காருங்க, ஓட்டு மெஷினை அங்கேயே கொண்டுவரோம்னு கூப்பிட்டிருக்கா... இல்ல. போகல. ஒடம்பு முடியலைன்னு சொன்னாத்தானே அதுவும் கிடைக்கும். எனக்கு முன்னால வந்தவங்க நிக்கறாங்க பாருன்னு சொல்லி அனுப்பியிருக்கா. ராஸ்கோ குடை எடுக்கக் காருக்குப் போயிருக்கான். திரும்பி வரும்போது செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தாளாம். கைப்பை மடியில, நேரா.

...அழாத. அழுதுட்டு எழுதினா தப்பு வரும்.

கேஸ் நடக்கும்னுதான் சொல்றாங்க. வெர்டி பேரை மட்டும் அடிச்சிருவாங்களாம். இனி அவளுக்கு அறுபத்தஞ்சும் வராது, அறுபத்துநாலும் போகாது. அதுல கோர்ட்டுக்கு என்ன வேலை.

ம்... கடைசி பாராவா? எழுதிட்டியா? வாசி... ம்... ம்...

நிறுத்து. அதைத் திரும்ப வாசி.

...யார் சொன்னது?... சர்ச்சு பூராவுமா?... ஓட்டுப் போட்டுட்டு, ஓட்டுப் போட்டவங்களுக்குக் குடுப்பாங்களே அந்த ஸ்டிக்கரை நெஞ்சுல ஒட்டிக்கிட்டு, சிரிச்ச முகத்தோட வெளிய வந்து விழுந்தாளா?... ம்... கேக்க நல்லாத்தான் இருக்கு... தெரியும், ஆறுதலுக்குத்தான் சொல்றாங்க... தெரியும்மா, ராஸ்கோவுக்கும் அது இதமா இருக்கும். எனக்கும்தான்.

இல்ல. அடிச்சிரு... பாதியெல்லாம் இல்ல, முழுசா அடி. நான் சொல்றதை எழுதிக்க, இதையே எழுந்து நின்னு வாசி. வாசல் வரைக்கும் அவ போய்ச் சேரல. ஸ்டிக்கர் கிடையாது. சாயும்போது அவளுக்கு முன்னால இன்னும் ஆளுங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. என் மக ஓட்டுப் போடல.

வெச்சிடறேன்.