கண்ணாடிக் கட்டடத்தைப் பற்றி இரண்டு நிமிடம்

அண்ணன்: நிறுத்து, நிறுத்து. இதோட நாலு ‘வெரி பியூட்டிஃபுல்’ ஆச்சு.

தங்கை: அழகா இருந்தா அழகுன்னுதானே சொல்லணும்?

அண்ணன்: அந்த லைப்ரரிக்குள்ள நீ என்னைக்காவது கால் வச்சிருக்கியா, வாயாடி?

தங்கை: வாசல் வரைக்கும் போயிருக்கேன்... மழைக்கு ஒதுங்கினேன்.

அண்ணன்: நல்லா இருக்கு! மழைக்கு ஒதுங்கினவ அதோட அழகைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசணுமாம்.

தங்கை: சிரிக்காதே அண்ணா. போன தடவையும் இதைத்தான் சொன்னேன். இங்கிலீஷ் பரீட்சையில எழுதுறது, படிக்கிறது, கேட்டுப் புரிஞ்சுக்கிறது எல்லாத்துலயும் தேறிட்டேன். பேசுறதுல அரை மார்க்குல கவுத்துட்டாங்க. நாளைக்கும் கோட்டை விட்டா வெளிநாட்டு நர்ஸ் வேலையை மறந்துட வேண்டியதுதான்.

அண்ணன்: சரி சரி, மூஞ்சியைத் தூக்காதே. உங்க டீச்சர்தான் வழி சொல்லிக் கொடுத்திருக்காங்கல்ல? முதல்ல தமிழ்ல வாய் நிறையப் பேசணும், அப்புறம் அதையே இங்கிலீஷ்ல. கண்ணால பார்த்ததை மட்டும்தான் சொல்லணும்.

தங்கை: எனக்கே பாடம் எடுக்கிறியா?

அண்ணன்: பின்னே? நான்தான் பரீட்சை அதிகாரி. இந்தா, போன்ல ரெண்டு நிமிஷம் மணி வைக்கப் போறேன். ‘மேடம், உங்களுக்குப் பிடிச்ச ஒரு கட்டடத்தைப் பத்திச் சொல்லுங்க.’

தங்கை: கட்டடத்தை மாத்திக்கிறேன்.

அண்ணன்: விடிஞ்சா பரீட்சை. இப்பப் போயா?

தங்கை: உன் ஆபீஸைச் சொல்லப் போறேன். அந்தக் கண்ணாடிக் கட்டடம்.

அண்ணன்: ...அது எதுக்கு? லைப்ரரியே நல்லாத்தானே இருக்கு.

தங்கை: இப்பத்தானே கிண்டல் பண்ணினே?

அண்ணன்: பண்ணினேன்தான்... ஆஸ்பத்திரியைச் சொல்லேன். நீ டிரெய்னிங் எடுத்த இடம், மூலை முடுக்கெல்லாம் தெரியும்.

தங்கை: கிளாஸ்ல பாதிப் பேர் நர்ஸ். எல்லாரும் ஆஸ்பத்திரியைத்தான் ஒப்பிக்கிறாங்க. நம்ம வீட்டு மனுஷங்க இருக்கிற இடத்தைச் சொன்னா பேச்சுல உயிர் வரும்னு டீச்சர் சொன்னாங்க. தினமும் உன் சட்டைக்கு நான்தான் இஸ்திரி போடறேன். அந்தச் சட்டை எங்கே போய் உக்காருதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?

அண்ணன்: ...சரி, கேளு. சீக்கிரம்.

தங்கை: உன் சீட்டு எந்த மாடியில?

அண்ணன்: மேலேருந்து ஆறாவது... இல்ல, கீழேருந்து. கீழேருந்து ஆறாவது.

தங்கை: மாடியை யாராவது மேலேருந்து எண்ணுவாங்களா?

அண்ணன்: வாய் தவறி வந்துடுச்சு. அடுத்ததைக் கேளு.

தங்கை: காலையில அங்கே எப்படி இருக்கும்?

அண்ணன்: காலையிலயா? கிழக்குப் பக்கம் வெயில் ஏறிடுச்சுன்னா கண்ணாடி கொதிக்கும். கை வச்சா பொத்துப் போயிடும். அதனால நாங்க முதல்ல மேற்குப் பக்கம் போயிடுவோம். அங்கே வெயில் இல்ல, ஆனா காத்து இருக்கே... ஆளையே தூக்கும்.

தங்கை: உள்ளே ஏசி போட்டிருப்பாங்களே?

அண்ணன்: இருக்கு, இருக்கு. குளுகுளுன்னு.

தங்கை: அப்ப எந்தக் காத்து ஆளைத் தூக்கும்?

அண்ணன்: அதான்... ஏசிக் காத்து.

தங்கை: ஆளைத் தூக்குற ஏசி! நம்ம வீட்டுக்கும் ஒண்ணு கேட்டு வை.

அண்ணன்: கொழுப்பு. இதெல்லாம் பரீட்சையில கேப்பாங்களா?

தங்கை: குறுக்கு மறுக்கா எது வேணும்னாலும் கேப்பாங்க. சரி, உன் பக்கத்துல யார் யார் உக்காந்திருப்பாங்க?

அண்ணன்: ஒரு பெரியவர் இருக்கார். மேஜைக்கு அடியில ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு காலை ஆட்டிக்கிட்டே இருப்பார். மேலதிகாரி வந்தா போதும், காலாலயே தடவித் தடவி மாட்டுவார். பார்க்கணும் நீ!

தங்கை: இது நல்லா இருக்கே. இன்னும் சொல்லு.

அண்ணன்: அப்புறம் ஒரு அம்மா. எப்பப் பார்த்தாலும் போன்ல சிரிச்சுக்கிட்டே இருக்கும். ஜன்னல் கண்ணாடியில தன் பிள்ளையோட படத்தை ஒட்டி வச்சிருக்கு.

தங்கை: பிள்ளை எப்படி இருக்கான்? அம்மா ஜாடையா?

அண்ணன்: யாருக்குத் தெரியும்? படத்தோட முதுகுதானே தெரியுது.

தங்கை: ...உள்ளே இருக்கிறவங்களுக்கு முகம்தானே தெரியணும்?

அண்ணன்: திருப்பி ஒட்டியிருக்கும். மேல கேளு.

தங்கை: அந்தம்மா என்ன பேசிச் சிரிப்பாங்க?

அண்ணன்: அடுத்தவங்க பேச்சை ஒட்டுக்கேக்கிற பழக்கம் எனக்கில்ல.

தங்கை: குரலாவது எப்படி இருக்கும்? கணீர்னா? கீச்சுன்னா?

அண்ணன்: ஏன் இப்படித் தோண்டித் துருவுறே? பரீட்சை அதிகாரி நீயா, நானா?

தங்கை: லிஃப்ட் என்ன நிறம், அண்ணா?

அண்ணன்: ரெண்டு நிமிஷம் முடிஞ்சாச்சு. மணி அடிச்சிடுச்சு.

தங்கை: மணி அடிக்கவே இல்ல. நீ வைக்கவே இல்ல.

அண்ணன்: மறந்துட்டேன்.

தங்கை: என்ன நிறம்?

அண்ணன்: கதவைச் சாத்து. அம்மா காதுல விழும்.

தங்கை: சாத்திட்டேன்.

அண்ணன்: லிஃப்ட் நிறம் எனக்குத் தெரியாது. எங்களை அதுல ஏத்த மாட்டாங்க. பின்பக்கப் படி வழியா மொட்டை மாடிக்குப் போயிடணும். அங்கே தண்ணித்தொட்டிப் பக்கத்துல ஒரு ரூம். நீ இஸ்திரி போட்ட சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு... இடுப்புல பெல்ட்டைக் கட்டிக்கிட்டு கயித்துல இறங்குவேன். கண்ணாடி துடைக்கிறேன். மேலேருந்து கீழே, மாடி மாடியா.

தங்கை: ம்.

அண்ணன்: அந்தப் பெரியவர், அந்தம்மா எல்லாம் நிஜம்தான். கண்ணாடியில மூக்கை ஒட்டினா உள்ளே தெரியும். சத்தம்தான் கேக்காது.

தங்கை: அம்மாகிட்ட ஏன் அப்படிச் சொன்னே?

அண்ணன்: அந்தக் கட்டடத்துல வேலை கிடைச்சிடுச்சுன்னுதான் சொன்னேன். மீதியை அம்மாவா போட்டுக்கிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள தெரு பூரா, ‘என் பையன் ஆபீசராயிட்டான்’னு தம்பட்டம். அவங்க மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்ல. அப்புறம் எந்த வாயால இல்லைன்னு சொல்றது? ராத்திரி தட்டு முன்னாடி உக்காந்தா கையில சோப்பு நாத்தம். மூக்குக்கிட்ட கையைக் கொண்டுபோகவே கூசும்.

தங்கை: அம்மா ஒருத்தியைச் சொல்லாதே. நானும்தான் பீத்தினேன்.

அண்ணன்: விடு. சொல்லியாச்சு. பாரம் இறங்கிடுச்சு.

தங்கை: கேட்டுட்டும் நான் ஏன் வாயைப் பிளக்கலைன்னு கேக்க மாட்டியா?

அண்ணன்: ...ஏன்?

தங்கை: எனக்குத் தெரியும். போன வாரமே தெரியும். நீயா சொல்லணும்னுதான் கட்டடத்தை மாத்தினேன்.

அண்ணன்: சரி, தெரிஞ்சா என்ன இப்ப? இங்கிலீஷைப் பாரு.

தங்கை: எப்படித் தெரியும்னு கேளு.

அண்ணன்: வேண்டாம்மா. நேரமாகுது.

தங்கை: கேளு, அண்ணா! டீச்சர் எங்களை அந்தத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எதிர் நடைபாதையில வரிசையா நிக்க வச்சு, பார்க்கிறதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லணும்னாங்க. ரெண்டாவது மாடிக்கிட்ட ஒருத்தர் தொங்கிக்கிட்டிருந்தார். தொப்பி போட்டிருந்தார். முதுகுதான் எங்க பக்கம். ஆனா இடது தோள் மட்டும் கொஞ்சம் தூக்கினாப்ல...

அண்ணன்: சின்ன வயசுல மதில்லேருந்து விழுந்த தோள்.

தங்கை: அந்தத் தோள் மேல உக்காந்துதானே நான் ஸ்கூலுக்குப் போனேன்? எனக்குத் தெரியாமப் போகுமா?

அண்ணன்: சரி, பார்த்துட்டே. அதோட விடு.

தங்கை: விட முடியலை. பக்கத்துல நின்னவ கையை நீட்டி, ‘இதுதானே உங்கண்ணன் ஆபீஸ்? அந்தத் தொங்குற ஆளை உனக்குத் தெரியுமா?’ன்னு கேட்டா. சும்மாதான் கேட்டா. நான்... இல்லைன்னு தலையாட்டிட்டேன்.

அண்ணன்: அதனால என்ன? அத்தனை பேர் நடுவுல நானா இருந்தாலும்...

தங்கை: நீயா இருந்தா ஆட்டியிருக்க மாட்டே. இன்னும் முடியலை, கேளு. அடுத்து என் முறை. அந்த ஆளைப் பத்திச் சொல்லுன்னாங்க டீச்சர். சொன்னேன். ஒரு இடத்துல தடங்கலை. ‘துடைச்சு முடிச்ச கண்ணாடியிலயே மறுபடியும் சோப்புத் தண்ணி அடிக்கிறார், பாவம், ஞாபகமறதிக்காரர் போல’ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்... கூடச் சேர்ந்து சிரிச்சேன், அண்ணா. டீச்சர் கைதட்டினாங்க. இப்படிப் பேசினா பாஸ்னாங்க.

அண்ணன்: அப்புறம் என்ன? நாளைக்கும் அதையே சொல்லிடு. நான் தொங்கினதுல உனக்காவது ஒரு உபகாரம்.

தங்கை: விளையாடாதே. யாரோன்னு நினைச்சா நாக்கு கடகடன்னு ஓடுது. என் அண்ணன்னு ஆரம்பிச்சா ஒட்டிக்குது. உன்னை யாரோவாக்கித்தான் நான் பாஸாகணுமா? எவ்வளவு கேவலமா இருக்கு தெரியுமா?

அண்ணன்: பரீட்சை அதிகாரிக்கு அண்ணனாவது தம்பியாவது? அந்த அறையை விட்டு வெளியே வந்தா அவரும் மறந்துடுவார், நீயும் மறந்துடுவே. யாரோவாவே இருந்துட்டுப் போறேன்.

தங்கை: இருக்க விட மாட்டேன். மணி வை. இந்தத் தடவை நிஜமாவே வை.

அண்ணன்: ...வச்சுட்டேன்.

தங்கை: ‘தி மேன் ஆன் தி ரோப்... தி மேன் ஆன் தி ரோப் இஸ்... மை...’

அண்ணன்: மெதுவா. தண்ணி குடிக்கிறியா?

தங்கை: ‘...இஸ் மை பிரதர்.’

அண்ணன்: ம்... மேல சொல்லு.

தங்கை: ஏய், அழாதே. நீ அழுதா எனக்கு அடுத்த வரி வராது.

அண்ணன்: யார் அழுதா? கண்ணு வேர்க்குது.

தங்கை: கண்ணு வேர்க்குதாம்! ...இனிமே நமக்குள்ள பொய் வேண்டாம். சத்தியம் பண்ணு.

அண்ணன்: சத்தியம்.

தங்கை: நல்லவேளை, நீ கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தே. நான் தலையாட்டினதை நீ பார்த்திருந்தா உன் மூஞ்சியில முழிச்சிருக்கவே மாட்டேன், வெக்கத்துலயே செத்திருப்பேன்... பார்க்கலைல? ...அண்ணா? சத்தியம் பண்ணியிருக்கே.

அண்ணன்: ...கண்ணாடியைத் துடைச்சு முடிச்சா எதிர்த் தெரு அப்படியே அதுல விழும்மா. நீ தலையாட்டுறதும் விழுந்துச்சு. அதான் மறுபடியும் சோப்புத் தண்ணி அடிச்சேன்.