இடது காலுக்காகக் காத்திருந்த தாளம்

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, அனுபவம் கனிந்த ஆன்றோர்களே, ஆயிரம் வேலைகளை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் அன்னையரே, ஒலிப்பதிவுக் கூடத்துத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்!

கணினியில் இசை செய்பவன் நான். என் திரை முழுக்கக் கட்டங்கள். தட்டும் விரல் சற்றே பிந்தினாலும், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். தட்டுகளெல்லாம் கோட்டில் வந்து கைகட்டி நிற்கும். பத்தாண்டுகளாக அதை அழுத்தி அழுத்தியே பெயர் வாங்கியவன். சிரிக்கிறீர்களா? உங்களில் பாதிப் பேர் அதே ஆசாமிகள்தானே!

என் அத்தான் பேருந்து ஓட்டுநர். பக்கவாதம் இடப்பக்கத்தை முடக்கிப் போட்டது. தாளம் கேட்டு நடக்கப் பழகலாம் என்றார் மருத்துவர். விடுவேனா? கடிகாரமே வெட்கப்படும் துல்லியத்தில் ஒரு தாளம் செய்து கொடுத்தேன். இரண்டாம் அடியிலேயே தடுமாறினார். மூன்று வாரமும் அதே கதை. கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இனிமே நடக்கல மச்சான். நாற்காலியே போதும்."

பதறிப்போய் அக்காவை அழைத்துவந்தேன். தினமும் அவரைத் தோளில் தாங்கி நடத்துபவள் அவள்தான். "அவரை நடத்துற மாதிரியே நீ தட்டுக்கா" என்றேன். தட்டினாள். பழக்கதோஷம், பொத்தானை அழுத்திவிட்டேன்! போட்டுக் காட்டியதும் முறைத்தாள்.

"நான் தட்டினது இது இல்லடா. அவரோட இடது கால் வர்ற வரைக்கும் நான் காத்திருப்பேன். உன் மெஷின் எங்கடா காத்திருக்குது?"

பொத்தான் அழித்த அவள் தாளத்தை மீட்டுத் திரையைப் பார்த்தேன். அவையோரே, மெய்சிலிர்த்தது! வலது தட்டெல்லாம் கோட்டின்மேல். இடது தட்டு ஒவ்வொன்றும் அரைக்கால் நொடி தள்ளி! எந்தக் கடிகாரம் சொன்னது அவளுக்கு? எந்தக் கருவி கற்றுக்கொடுத்தது? பிழை பிழையென்று பத்தாண்டுகளாக நான் துடைத்தெறிந்தது எதை ஐயா? எத்தனை பேர் எத்தனை பேருக்காகக் காத்திருந்த நேரத்தை?

அந்தத் தாளத்தை அப்படியே அத்தான் காதில் மாட்டினேன். ஓர் அடி. ஈரடி. கூடத்தின் கோடிவரை நடந்து சுவரைத் தொட்டார்! திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "மச்சான், இது உங்க அக்காதானே?"

நான் சொல்லவே இல்லை!

"இப்ப எப்படி இருக்காரு?" என்று பின்வரிசையில் ஒரு குரல். அதோ, மேடைப்படி ஏறுகிறாரே, அவரையே கேளுங்கள். செவி தந்த உங்களுக்கு என் நன்றி. ஓங்கிய கைகளே, சற்றுப் பொறுங்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது. அந்த இடது கால் ஊன்றட்டும்; அப்புறம் தட்டுங்கள். வணக்கம்!